யார் அந்த நாலு பேர்?



எங்கள் மதரஸாவில் சில மாதங்களுக்கு முன் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து இம்மாதப் பேச்சைத் தொடங்குகிறேன்.

அன்று அரபி இலக்கண வகுப்பு. வினைச்சொற்கள் உருமாறும் விதிகளைப் பற்றிய கடினமான பகுதி. ஒரு மணி நேரம் விளக்கி முடித்து, "புரியாதவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றேன். வகுப்பில் 22 மாணவர்கள். ஒரு கையும் உயரவில்லை. பாடம் நன்றாகவே நடந்திருக்கிறது என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

மறுநாள் அவர்கள் எழுதிய பயிற்சியைத் திருத்தியபோது ஐயம் தட்டியது. ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, "பெயர் எழுத வேண்டாம், பாடம் புரிந்ததா, இல்லையா என்று மட்டும் எழுதித் தாருங்கள்" என்றேன். 17 சீட்டுகளில் "புரியவில்லை" என்றிருந்தது!

"அப்படியானால் நேற்று ஏன் ஒருவரும் கை உயர்த்தவில்லை?" என்று கேட்டேன். சிறிது நேரம் அமைதி. பிறகு ஒரு மாணவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "எல்லோரும் பேசாமல் இருந்தார்கள், உஸ்தாத். எனக்கு மட்டும்தான் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்."

எண்ணிப் பாருங்கள். 17 பேரும் தனித்தனியே, தான் ஒருவனே அறியாதவன் என்று கருதியிருக்கிறார்கள். ஒவ்வொருவனும் மற்றவர்களின் மௌனத்தைப் பார்த்துத் தன் வாயை மூடிக்கொண்டான். அவனுடைய மௌனமே அடுத்தவனுக்குச் சான்றாயிற்று. பெரும்பான்மையாக இருந்தவர்கள் தங்களைத் தனியர்களாக எண்ணி அஞ்சியிருக்கிறார்கள்!

இது சிறுவர்களின் கூச்சம் என்று சிரித்துக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. நம் வீடுகளில் மகளுக்குச் சீர் அடுக்கும்போதும், பெயர் சூட்டு விழாவுக்குக் கடன் வாங்கும்போதும், தேவைக்கு மேல் ஒரு மாடி கட்டும்போதும் நாம் சொல்லும் காரணம் என்ன? "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்பதுதானே! அந்த நாலு பேர் யார்? அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? அவர்களை யாராவது பார்த்ததுண்டா?

மூன்று கோடுகள்

கல்லூரியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்த காலத்தில் நூலகத்தில் தற்செயலாகப் படித்த ஓர் ஆய்வு, இத்தனை ஆண்டுகளாக என் நினைவை விட்டு அகலவில்லை. போலந்து நாட்டின் வார்சா நகரில் 1907இல் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவில் குடியேறியவர் சாலமன் ஆஷ் என்னும் உளவியல் அறிஞர். 1950களில் அவர் நடத்திய ஆய்வு அது.

ஓர் அறையில் ஏழு முதல் ஒன்பது மாணவர்கள் வரை அமர்ந்திருப்பார்கள். அவர்களுக்கு இரண்டு அட்டைகள் காட்டப்படும். ஒன்றில் ஒரே ஒரு கோடு. மற்றொன்றில் நீளத்தில் வேறுபட்ட மூன்று கோடுகள். முதல் அட்டையின் கோட்டுக்குச் சமமான கோடு அம்மூன்றில் எது என்று வரிசையாக ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிறு குழந்தைக்கும் விளங்கும் கேள்வி. தனியே கேட்டால் நூறில் ஒரு தடவைகூடத் தவறு நேராது.

ஆனால் அங்கே ஒரு சூட்சுமம் இருந்தது. அறையில் ஒருவர்தான் உண்மையில் சோதிக்கப்படுபவர். ஏனையோர் அனைவரும் முன்கூட்டியே சொல்லி வைக்கப்பட்டவர்கள். மொத்தம் 18 சுற்றுகள். அவற்றுள் 12 சுற்றுகளில் அவர்கள் எல்லோரும் ஒரே குரலில் தவறான கோட்டைக் காட்டுவார்கள். வரிசையின் கடைசிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவர் என்ன செய்வார்? தம் கண்ணை நம்புவாரா, கூட்டத்தின் வாயை நம்புவாரா?

இவ்வாறு சோதிக்கப்பட்ட 123 மாணவர்களின் விடைகளைக் கூட்டிப் பார்த்தபோது, அந்தச் சுற்றுகளில் 36.8 விழுக்காடு விடைகள் கூட்டத்தைப் பின்பற்றிய தவறான விடைகளாக இருந்தன. அடித்து மிரட்டியவர் யாரும் இல்லை. பரிசு தருவதாகச் சொன்னவரும் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மாற்றிச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

பின்னர் காரணம் கேட்டபோது, "அவர்கள் சொன்னதே சரியாக இருக்கும் என்று நினைத்தேன்" என்றனர் சிலர். தம்மிடம் ஏதோ குறை இருப்பதாகவும் அது வெளியே தெரியக்கூடாது என்றும் அஞ்சியவர்களும் உண்டு. என் வகுப்பு மாணவன் சொன்னதும் இதுதான் அல்லவா?

ஆஷ் இத்துடன் நிற்கவில்லை. ஒருவரின் உறுதியைக் குலைக்க எத்தனை பேர் வேண்டும் என்றும் சோதித்தார். எதிரில் ஒருவர் மட்டும் மாற்றிச் சொன்னால் பெரிய பாதிப்பு இல்லை. இருவர் சொன்னபோது தவறு 13.6 விழுக்காடாயிற்று. மூவர் சொன்னபோது 31.8 விழுக்காடாக உயர்ந்தது. அதற்கு மேல் ஆட்களைக் கூட்டினாலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒரு மனிதனை மாற்ற ஊரே திரண்டு வர வேண்டியதில்லை; மூன்று நான்கு பேர் போதும். "நாலு பேர்" என்று நம் முன்னோர் கணக்குப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்று வியக்கத் தோன்றுகிறது!

அமெரிக்க மாணவர்களின் கதை நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 17 நாடுகளில் இம்முறையில் நடந்த 133 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1996இல் வெளியான மதிப்பீடு ஒன்று உண்டு. குடும்பம், குலம், ஊர் என்ற பிணைப்பு மிகுந்த சமுதாயங்களில் இந்த இணங்கிப்போகும் போக்கு இன்னும் கூடுதலாகவே இருக்கிறது என்று அது காட்டியது. நம்மைப் பற்றி இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இருட்டறையில் ஓர் ஒளிப்புள்ளி

ஆஷுக்கு முன்பே இத்துறையில் வழிகாட்டியவர் துருக்கியில் பிறந்த முஸஃபர் ஷெரீஃப். அவர் 1935இல் வெளியிட்ட ஆய்வு, வழக்கங்கள் எப்படி உருவாகின்றன என்பதைக் காட்டுகிறது.

முழு இருட்டறையில் ஒரு சிறு ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்தால், அது அசையாமல் இருந்தாலும் அசைவது போலத் தோன்றும். கண்ணின் இயல்பு அது. எவ்வளவு தூரம் அசைந்தது என்று தனித்தனியே கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். இருவர் மூவராகச் சேர்த்து உட்கார வைத்துக் கேட்டால், சிறிது நேரத்தில் அவர்களுடைய கணக்குகள் ஒன்றையொன்று நெருங்கி ஒரே அளவில் வந்து நிற்கும். பிறகு அவர்களைப் பிரித்துத் தனியே கேட்டாலும் அந்தக் கூட்டு அளவையே சொல்வார்கள். அசையாத ஒன்றுக்கு ஓர் அளவு! அதுவும் எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு!

இதைத் தொடர்ந்து 1961இல் வேறு இரு ஆய்வாளர்கள் ஒரு புதுமை செய்தார்கள். சொல்லி வைத்த ஆட்களைக் கொண்டு, மிக மிகையான ஓர் அளவை முதலில் குழுவில் நிலைநாட்டினார்கள். பிறகு அந்த ஆட்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பி, ஒன்றும் அறியாத புதியவர்களை உள்ளே அமர்த்திக்கொண்டே வந்தார்கள். தொடங்கி வைத்தவர்களில் ஒருவரும் அறையில் இல்லாத நிலையிலும், அந்தப் பொய்யளவின் செல்வாக்கு நான்கைந்து தலைமுறை ஆட்கள் வரை மறையாமல் நின்று, பிறகே மெல்லத் தேய்ந்தது.

"ஊர் வழக்கம்" என்று நாம் சொல்லும்போது இந்த இருட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். தொடங்கியவர் யாரென்று தெரியாது. ஏன் தொடங்கினார் என்றும் தெரியாது. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். அளவு மட்டும் அப்படியே நிற்கிறது.

என் மௌனத்தின் விலை

இனி நான் சொல்லப்போவது ஏட்டில் படித்ததன்று. சம்பந்தப்பட்டவர்களின் இசைவு பெற்றே எழுதுகிறேன்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் என் மனைவியின் தம்பிக்குத் திருமணம் பேசினோம். பெண் வீட்டுக்குப் பேச்சை முடிக்கச் சென்றவர்கள் நான்கு பேர்: என் மாமனார், அவருடைய தமையனார், இரு வீட்டுக்கும் வேண்டிய ஒரு பெரியவர், பிறகு நான். பெண்ணின் தந்தை கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். சர்பத் கொடுத்து உபசரித்து, எங்கள் எதிரில் பணிவோடு அமர்ந்தார்.

என் மாமனார் சொன்னார்: "எங்களுக்கென்று ஒன்றும் வேண்டாம். ஊர் வழக்கம் எதுவோ, அதைச் செய்தால் போதும்."

எவ்வளவு நயமான சொற்கள்! பெரியவர் அந்த "ஊர் வழக்கத்துக்கு" உரை வகுத்தார். "நாற்பது பவுன், கையில் இரண்டு லட்சம். இது குறைவுதான்" என்றார். பெண்ணின் தந்தை தரையைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக எங்கள் நால்வரின் முகத்தையும் பார்த்தார். அவர் பார்வை கடைசியாக என் மீது நின்றது. நான் ஓதியவன், கைக்கூலிக்கு எதிராக ஜுமுஆ மேடையில் பேசியவன். மஹர் கொடுக்கக் கடமைப்பட்டவன் ஆண்மகன் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கற்பிப்பவன். நான் என்ன செய்தேன் தெரியுமா? சர்பத் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"இன்ஷா அல்லாஹ், செய்துவிடுகிறோம்" என்றார் அவர். ஃபாத்திஹா ஓதிப் பேச்சை முடித்தோம். ஓதியவன் நான்.

திருமணம் சிறப்பாக நடந்தது. அடுத்த ஆண்டே அவருடைய கடை கைமாறிவிட்டது. இன்று அவர் வேறொருவரின் கடையில் கணக்கு எழுதுகிறார். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலில் என்னைக் கண்டால் புன்னகையோடு ஸலாம் சொல்கிறார். அந்தப் புன்னகையை எதிர்கொள்வது எனக்கு எளிதாக இல்லை.

சில ஆண்டுகள் கழித்து என் மாமனார் நோயுற்றுப் படுக்கையில் இருந்தபோது, ஓர் இரவு இந்தப் பேச்சு வந்தது. அவர் சொன்னார்: "அன்றைக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன், மாப்பிள்ளை. நீங்கள் ஓதியவர். நீங்களே பேசாமல் இருந்ததால் தவறில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்."

அருகில் இருந்த என் மைத்துனர், "நான் கேட்கவே இல்லையே, மச்சான். பெரியவர்கள் எல்லோரும் கூடி முடிவு செய்ததை நான் எப்படி மறுப்பது என்றுதான் இருந்தேன்" என்றார். பின்னொரு நாள் அந்தப் பெரியவரிடமும் கேட்டேன். "குறைத்துச் சொன்னால் உங்களை மதிக்கவில்லை என்று நீங்கள் வருந்துவீர்களே என்றுதான் அந்தத் தொகையைச் சொன்னேன்" என்றார் அவர்.

பார்த்தீர்களா? கேட்டவருக்கு விருப்பமில்லை. பெற்றவருக்கு விருப்பமில்லை. தொகை சொன்னவருக்கும் விருப்பமில்லை. உடன் சென்ற எனக்கும் விருப்பமில்லை. ஆயினும் ஒரு மனிதரின் கடை போய்விட்டது. அவர் அஞ்சிய அந்த "நாலு பேர்" நாங்கள்தாம். நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் அஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்!

என் மைத்துனர் அந்த இரண்டு லட்சத்தைத் தவணை முறையில் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். முதலில் வாங்க மறுத்த அவருடைய மாமனார் பிறகு ஏற்றுக்கொண்டார். ஆனால் கடை திரும்பி வரவில்லை.

திரையை விலக்கிய ஒரு கணக்கு

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த விந்தையன்று. சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். 18 முதல் 35 வயது வரையுள்ள, மணமான 500 ஆண்களிடம், பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலைக்குச் செல்வதை ஏற்கிறீர்களா என்று பெயர் வெளிப்படாத வகையில் கேட்டார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் "ஏற்கிறேன்" என்றனர். ஆனால், "உங்களுடன் இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் ஏற்பார்கள்?" என்று கேட்டபோது, ஏறத்தாழ முக்கால் பங்கினர் உண்மையைவிடக் குறைந்த எண்ணிக்கையையே சொன்னார்கள். தம் கருத்தை ஏற்பவர்கள் உண்மையில் இருப்பதைவிடக் குறைவு என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள்.

பிறகு அவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான கணக்கைச் சொன்னார்கள். உபதேசம் ஏதும் செய்யவில்லை. கணக்கை மட்டுமே சொன்னார்கள். மனைவியின் பெயரை வேலைவாய்ப்புச் சேவையில் பதிய முன்வந்தவர்கள், கணக்குச் சொல்லப்படாத பிரிவில் 23 விழுக்காடு; சொல்லப்பட்ட பிரிவில் 32 விழுக்காடு. சில மாதங்கள் சென்று விசாரித்தபோது, வேலைக்கு விண்ணப்பித்திருந்த மனைவியரின் அளவிலும் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது.

பெண்கள் வேலைக்குச் செல்வது பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கலாம். நான் இங்கே காட்ட விரும்புவது வேறு. மனிதர்களின் மனத்தை மாற்ற வேண்டிய தேவையே அங்கு எழவில்லை. மனத்தில் இருந்ததை ஒருவருக்கொருவர் தெரியப்படுத்தியதே போதுமானதாயிற்று.

சீனத்தில் சிறுமியரின் பாதங்களை ஒடுக்கிக் கட்டி ஊனமாக்கும் கொடிய வழக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. பெற்ற தாயே கண்ணீரோடு மகளின் காலைக் கட்டுவாள். ஏன்? கட்டாவிட்டால் மாப்பிள்ளை கிடைக்கமாட்டான் என்ற அச்சம்! தனி ஒரு குடும்பம் மட்டும் விட்டுவிட்டால் அதன் மகள்தான் பாதிக்கப்படுவாள். இந்த முடிச்சை அவிழ்க்க 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சங்கங்கள் தோன்றின. அவற்றில் சேர்ந்த பெற்றோர், "எங்கள் பெண்களுக்குக் கால் கட்டமாட்டோம், கால் கட்டிய பெண்ணை எங்கள் மகன்களுக்கு மணமுடிக்கவும் மாட்டோம்" என்று இரட்டை உறுதி எடுத்துக்கொண்டார்கள். மகளைப் பெற்றவர்களின் அச்சத்தை, மகனைப் பெற்றவர்களின் வாக்குறுதி நீக்கியது. பின்னர் 1912இல் புதிய குடியரசின் தடையும் சேர்ந்தது. பல நூற்றாண்டு வழக்கம் அடுத்த சில பத்தாண்டுகளில் வேரற்றுப் போயிற்று.

நம் நாட்டிலும் வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்ற அச்சட்டம், மஹர் வேறு, வரதட்சணை வேறு என்பதையும் தெளிவாகவே பிரித்துக் கூறுகிறது. சட்டம் இருக்கிறது, மார்க்கமும் இருக்கிறது. குறைவாக இருப்பது மஜ்லிஸில் வாய் திறக்கும் ஆள்தான்.

இரண்டாவது குரல்

ஆஷின் ஆய்வில் நான் இன்னும் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. அதுவே எனக்கு மிகவும் பிடித்தமானது. எல்லோரும் தவறாகச் சொல்லும் அந்த அறையில், ஒரே ஒருவரை மட்டும் சரியான விடையைச் சொல்லுமாறு அவர் ஏற்பாடு செய்தார். ஒரே ஒரு துணைதான்! உடனே சோதிக்கப்படுபவர்களின் தவறுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. அந்தத் துணைவர் பாதியில் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டபோதோ, தவறுகள் மீண்டும் ஏறிவிட்டன.

கூட்டத்தின் வலிமை அதன் எண்ணிக்கையில் இல்லை. "எல்லோரும்" என்ற சொல்லில்தான் இருக்கிறது. ஒருவர் மாறினால் "எல்லோரும்" என்பது பொய்யாகிவிடுகிறது.

சென்ற ஆண்டு என் தங்கை மகனுக்குத் திருமணம் பேசும் மஜ்லிஸில் மீண்டும் உட்கார்ந்திருந்தேன். அதே நயமான சொற்கள். அதே "ஊர் வழக்கம்". நான் மனத்துக்குள் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, உள்ளறை வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. மாப்பிள்ளையின் நன்னிமா, எண்பது வயதைத் தாண்டியவர். "என் பேரனுக்கு ஒரு குறையும் இல்லை. விலை பேச வேண்டாம்" என்றார்.

மஜ்லிஸ் உறைந்துவிட்டது. எல்லோரும் மற்றவர்களின் முகத்தைப் பார்த்தார்கள். இன்னும் சற்று நேரம் அப்படியே சென்றிருந்தால், "வயதானவர்கள் ஏதோ சொல்கிறார்கள்" என்று யாராவது சிரித்துப் பேச்சை மாற்றியிருப்பார்கள். "நன்னிமா சொல்வதுதான் சரி. கைக்கூலி வேண்டாம்" என்றேன். என் குரல் நடுங்கியது. உடனே மாப்பிள்ளையின் தந்தை பெருமூச்சு விட்டு, "என் மனத்திலும் அதுதான் இருந்தது" என்றார். அப்புறம் எதிர்ப்பு என்று ஒன்று எழவே இல்லை.

இழப்பு ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். நெருங்கிய உறவினர் ஒருவர் கோபித்துக்கொண்டு வலீமாவுக்கு வரவில்லை. இன்றும் என்னிடம் பேசுவதில்லை. அன்று புறப்படும்போது நன்னிமா என்னை அழைத்து, "ஏன் தம்பி, கிதாபு ஓதியவன் நீ. நான் சொல்லும் வரைக்கும் ஏன் காத்திருந்தாய்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நாம் செய்யக் கூடியவை

கூட்டத்தோடு இணங்கிப்போவதே பிழை என்று நான் கூறவில்லை. ரமளானில் வீடே நோன்பிருக்கும்போதுதான் சிறு பிள்ளைக்கும் நோன்பு பிடிக்கும் துணிவு வருகிறது. பள்ளிவாசலில் வரிசை நேராக நிற்பது, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து நாம் நம்மைச் சரிசெய்துகொள்வதால்தான். ஊருக்கு அஞ்சித் தீமையைக் கைவிட்டவர்களும் உண்டு. கூட்டம் ஓர் ஆறு. நல்ல இடத்துக்கும் கொண்டு சேர்க்கும், சுழலிலும் தள்ளும். நம் கையில் துடுப்பு இருக்கிறதா என்பதே கேள்வி.

அரபியில் "இம்மஆ" என்றொரு சொல் உண்டு. எவரைக் கண்டாலும் "நானும் உங்களுடன்தான்" என்று சொல்லித் தனக்கென ஒரு நிலை இல்லாமல் ஒட்டிக்கொள்பவனுக்குப் பெயர் அது. அப்படி ஆகிவிட வேண்டாம் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் என் கையில் ஒரு சர்பத் டம்ளர் இருப்பது போலத் தோன்றும்.

ஆகவே என் வேண்டுகோள் சிலவே. திருமணப் பேச்சுக்குப் புறப்படும் முன், வீட்டில் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, "உண்மையில் உனக்கு என்ன விருப்பம்?" என்று கேளுங்கள். மாப்பிள்ளையிடமும் கேளுங்கள், பெண்களிடமும் கேளுங்கள். அவையில் முதியவர் முதலில் பேசிவிட்டால் இளையவர் வாய் திறக்கமாட்டார். எனவே இளையவர்களை முதலில் பேச விடுங்கள். ஜமாஅத் கூட்டங்களில் சங்கடமான செய்திகளுக்குச் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஆஷின் சோதனையிலும், வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுத விட்டபோது இணங்கிப்போவது பெரிதும் குறைந்தது. நிக்காஹ் மஜ்லிஸில் மஹரை அறிவிக்கிறோம் அல்லவா? கைக்கூலி வாங்காத திருமணமானால் அந்த ஒரு வரியையும் சேர்த்து அறிவியுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பத்துத் தந்தையர், தாங்கள் தனியாக இல்லை என்று அறிந்துகொள்வார்கள். மகனைப் பெற்றவர்களே! முதல் வாக்குறுதி உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எவரேனும் துணிந்து ஒரு நல்ல சொல்லைச் சொல்லிவிட்டால் அவரைத் தனியே நிற்க விடாதீர்கள். முதல் குரலாக ஒலிக்கும் வீரம் எல்லோருக்கும் வாய்க்காது, எனக்கு வாய்க்கவில்லை. இரண்டாவது குரலாக இருக்க நம் ஒவ்வொருவராலும் முடியும்.

இப்போதெல்லாம் நான் வகுப்பில், "புரியாதவர்கள் கை உயர்த்துங்கள்" என்று கேட்டுவிட்டு உடனே திருப்தியடைந்துவிடுவதில்லை. சற்றுக் காத்திருக்கிறேன். சென்ற வாரம் முன்வரிசையில் ஒரு சிறுவன் மெல்லக் கையைத் தூக்கினான். பிறர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கையைத் தாழ்த்தப்போகும் நேரத்தில், பின்வரிசையில் இன்னொரு கை உயர்ந்தது. அதன் பிறகு எண்ணினேன்: மொத்தம் 14 கைகள்.

அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ், மீண்டும் சந்திப்போம். வஸ்ஸலாம்.